ஒரு ராத்திரி வெளிச்சம்

“கீழ இறங்கும்மா. தெருவே பாக்குது.”

சொன்னவர் மூத்தார், புருஷனின் அண்ணன். அவர் யாருக்குச் சொன்னாரோ அவள் ஏணியின் மேல்படியில், கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாயால் பதில் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தாலும் அது அவர் காதுக்கு இதமாக இருந்திருக்காது.

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்க்காமல் என்ன செய்யும்? உள்ளே கூடத்தில் அவள் புருஷனைக் கிடத்தியிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி நாற்காலியில் சாய்ந்தவர், சாய்ந்தது சாய்ந்ததுதான். முனைக் கிளினிக் டாக்டர் வந்தார், நாடி பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அதிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குச் சொல்லியாயிற்று. இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடுவேன் என்று அவளும் அழுகைக்கு நடுவே சொல்லியாயிற்று. அடக்கம் நாளைக் காலை. காரியமெல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது, வெயில் மஞ்சளாவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலைமாட்டிலிருந்து எழுந்து, புருஷனின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கொட்டகைக்கு ஏணி தூக்கிப் போனவளை எந்தத் தெருதான் பார்க்காது?

அந்தத் தெரு அவளுக்கு வைத்த பெயர் இருட்டுக்காரி. சும்மா வைக்கவில்லை. உழைத்துச் சம்பாதித்த பெயர் அது.

வீட்டுக்குப் பின்னால் முற்றம். முற்றத்தைத் தாண்டி நீளமான பிளாஸ்டிக் கொட்டகை. அதற்குள் வரிசை வரிசையாகச் சாமந்தி. ஊர்ப் பூக்கடைகளில் பாதி இங்கிருந்துதான் நிரம்பும். சாமந்தி ஒரு வினோதமான ஜென்மம். தண்ணீர் ஊற்றினால் வளரும், உரம் வைத்தால் கொழுக்கும். பூக்க மட்டும் அதற்கு இருட்டு வேண்டும். நீளமான, நடுவில் பொத்தல் விழாத இருட்டு. ராத்திரி எவ்வளவு நீளம் என்று இலைகள் அளந்துகொண்டே இருக்கும். சில வாரம் தொடர்ந்து அளந்து, போதும் என்று பட்டால் இலைக்குள் ஒரு ஹார்மோன் ஊறும். அது தண்டு வழியாக நுனிக்குப் போய், இலை விட்டது போதும், இனி மொட்டு விடு என்று சொல்லும். நடுவில் எவராவது விளக்கைப் போட்டால் அந்த ராத்திரி அளந்ததெல்லாம் வீண். சேதி கிளம்பாது. பரீட்சை எழுதாமலே வயதை மட்டும் ஏற்றிக்கொள்கிற பிள்ளைகளைப் போல, செடி பச்சையாக, உயரமாக, ஒன்றுக்கும் உதவாமல் வளர்ந்துகொண்டே போகும்.

கொட்டகை போட்ட காலத்தில் சுற்றிலும் பொட்டல். ராத்திரி என்றால் ராத்திரி. அப்புறம் வீடுகள் வந்தன. வீட்டுக்கு மாடி வந்தது, மாடிக்கு விளக்கு வந்தது. ஒருநாள் சந்துக்குள் தெருவிளக்கும் வந்தது. தெரு கை தட்டியது. இருட்டுக்காரி மறுநாள் கம்பத்தில் ஏறி, விளக்குக்கு ஒரு பெயின்ட் வாளியைத் தொப்பியாகக் கவிழ்த்துவிட்டு இறங்கினாள். அதிகாரி வந்தார். அவரோடு மல்லுக்கு நின்றாள். எதிர்வீட்டுக்காரரின் டார்ச்சைப் பிடுங்கினாள். மாடிவீட்டு டீச்சரின் பின்பக்க ஜன்னலுக்குக் கீழே நின்று, “அணைக்கப் போறீங்களா, நான் மேல வரவா?” என்று கத்தாத மாதம் கிடையாது.

கத்திவிட்டு அவள் போனதும், கொஞ்ச நேரத்தில் அதே கதவை மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்கும். புருஷன். கையில் நாலு சாமந்தி. “மனசுல வெச்சுக்காதீங்க” என்று ஆரம்பிப்பார். அதிகாரிக்கு டீ வாங்கிக் கொடுத்தது அவர்தான். டார்ச்சைத் திருப்பிக் கொடுத்து, புது பேட்டரியும் போட்டுக் கொடுத்தது அவர்தான். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் விளக்குப் போடாமல் இருந்தால் போதும் என்று தெருவோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, மிச்ச வெளிச்சத்துக்குக் கொட்டகையையே மூடிவிடக் கறுப்புத் துணி வாங்கி வந்தவரும் அவர்தான். அதனால் அவருக்குத் தெரு வைத்த பெயர் சமாதானம். இருட்டுக்காரியும் சமாதானமும். எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ என்று தெரு கவலைப்படாத நாளில்லை. அவர்கள் கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை.

இப்போது சமாதானம் போய்விட்டது. இருட்டுக்காரி மட்டும் ஏணியில்.

கறுப்புத் துணி கொட்டகை முழுவதையும் போர்த்தும் நீளம். ஒரு பக்கத்துக்கு ஒரு கயிறாக இரண்டு கயிறுகள். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். அவள் இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டுவதும், ஓடிப் போய் அந்தப் பக்கம் கொஞ்சம் இழுப்பதுமாகப் பாதிக் கொட்டகையை மூடியிருந்தாள். மூச்சு வாங்கியது. வாயிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

“மாமா, நீங்க உள்ள போங்க. நான் முடிச்சுட்டு வரேன்.”

“ஒத்தையா எப்படி முடிப்ப? குடு, நான் அந்தப் பக்கம் பிடிக்கறேன்.”

“வேண்டாம் மாமா.”

“என்ன வேண்டாம்? லாரி லாரியா மூட்டை இழுத்த கை இது.”

கை அப்படித்தான். சந்தேகமே இல்லை. லாரிக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற கை. மூத்தார் அந்தப் பக்கம் போய்க் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, தம் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். மேலே சக்கரத்திலிருந்து கயிறு நழுவியது. துணி கோணிக்கொண்டு சுருண்டு, கம்பிக்கு நடுவில் போய்ப் பல் இறுகியதைப் போல மாட்டிக்கொண்டது. முற்றத்தைப் பார்த்த பக்கம், ஒரு பேருந்து நிற்கிற அளவு நீளம், திறந்தே நின்றது. உள்ளே சாமந்தி வரிசைகள் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்ப்பது போலத் தெரிந்தன.

மூத்தார் கையை உதறிக்கொண்டு வந்தார். “இந்தக் கயிறு ரொம்பப் பழசும்மா.”

அவள் மேலே பார்த்தாள். சக்கரம் உச்சியில். ஏணி அதுவரை எட்டாது. பிளாஸ்டிக் மேல் ஆள் ஏறினால் கிழியும். நாளைக் காலை கம்பியோடு இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும்.

“போர்வை ஏதாவது தொங்க விட்டா என்ன?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுத் தையல்காரர் யோசனை சொன்னார்.

“போர்வைக்குள்ள வெளிச்சம் போகும். உங்க கண்ணுக்குத்தான் அது இருட்டு.”

அவள் ஏணியை மடக்கிச் சாய்த்துவிட்டு, அந்த இடைவெளிக்கு முன்னால் நின்று ஒரு முடிவுக்கு வந்தாள். இன்றைக்கு முற்றத்திலோ வீட்டிலோ விளக்கு கிடையாது. அவ்வளவுதான்.

மூத்தாரும் இதற்குள் வேறொரு முடிவுக்கு வந்து, அதை நடத்தியும் முடித்திருந்தார். வாடகைக் கடையிலிருந்து நாற்காலிகளோடு ஒரு ஃபோகஸ் லைட்டும் வந்து, முற்றத்தின் நடுவில் கம்பத்தில் ஏறியிருந்தது. பொழுது இறங்கியதும் அவரே சுவிட்சைப் போட்டார். கோழி கூவுகிற அளவுக்கு வெளிச்சம். திறந்த இடைவெளி வழியாக அது நேராகக் கொட்டகைக்குள் போய் இலை இலையாக உட்கார்ந்தது.

அவள் நடந்து வந்து சுவிட்சை அணைத்தாள்.

மூத்தார் போட்டார். “வர்ற ஜனம் எங்க உக்காரும்? எங்க கால வைக்கும்?”

அவள் அணைத்தாள்.

“என் தம்பியை இருட்டுல போட்டு வெக்கணுமா? அவன் என்ன திருடனா?”

அவள் வீட்டுக்குள் போனாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள், ஒருவழியாக அழ வந்துவிட்டாள் என்று நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போய், மீட்டர் பெட்டியைத் திறந்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். வீடு மொத்தமும் அணைந்தது.

“ஐயோ!” என்று இரண்டு மூன்று குரல்கள். அதில் ஒன்று மட்டும் நிதானமாகத் தொடர்ந்தது. அது ஓரகத்தியுடையது, மூத்தாரின் மனைவி.

“புருஷன் செத்துக் கிடக்கான், இவ செடியைத் தூங்க வெக்கிறா. கேட்டா சிரிப்பாங்கடியம்மா. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா மத்தியானத்துலேருந்து? நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

“இனிமே பாக்க முடியாதுக்கா. இருட்டாயிடுச்சு.”

சொல்லிவிட்டு வெளியே வந்து, முற்றத்தில் ஒரு நாற்காலியை இழுத்து, கொட்டகையின் திறந்த பக்கத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். கோட்டை வாசலில் காவல்காரன் உட்காருவது போலத்தான். கையில் ஈட்டி இல்லை, பையில் ஃபியூஸ் இருந்தது.

மூத்தார் கடைசியாக ஓர் ஆளைக் கூட்டி வந்தார். நாற்றுக்காரர். வருஷா வருஷம் இவர்களுக்குச் சாமந்தி நாற்று கொடுப்பவர். துக்கம் கேட்க வந்தவரை வாசலிலேயே மடக்கி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

“நீங்களே சொல்லுங்க சார். நாங்க சொன்னா ஏறல. ஒரு ராத்திரி வெளிச்சம் பட்டா என்ன ஆயிடும்?”

நாற்றுக்காரர் தொண்டையைச் செருமினார். நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியாதவர். “ஒண்ணும் ஆயிடாதும்மா. துணி மூட ஆரம்பிச்சு இது ரெண்டாவது வாரந்தானே? ஒரு ராத்திரி கெட்டா அந்தப் பக்கத்து வரிசை ஒரு நாளோ ரெண்டு நாளோ தள்ளிப் பூக்கும். அவ்வளவுதான். செடி மன்னிச்சுடும்.”

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். முகம் தெரியவில்லை.

“தெரியும்” என்றாள்.

மூத்தாருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. “தெரியுமா? தெரிஞ்சுமா இந்த ஆட்டம்?”

“தெரியும் மாமா. அந்த லைட்டைக் கழட்டச் சொல்லுங்க. யாராவது கால் தடுக்கிக்கப் போறாங்க.”

நாற்றுக்காரர் தலைகுனிந்து நின்றார். பிறகு அவரே போய்க் கம்பத்திலிருந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

இப்படியாக ஊரிலேயே முதல்முறையாக ஒரு சாவு வீடு விளக்கில்லாமல் உட்கார்ந்தது. போய்விடலாமா என்று எல்லோருமே நினைத்தார்கள். ஒருவரும் போகவில்லை. இதைவிடச் சுவாரசியமாக வேறு வீட்டில் என்ன நடந்துவிடப் போகிறது? கூடத்துப் பெண்களும் ஒவ்வொருவராகத் தடவித் தடவி முற்றத்துக்கு வந்தார்கள். நாற்காலிகள் முனகின. யார் பக்கத்தில் யார் என்று தெரியவில்லை. முகம் பார்த்துத் துக்கம் காட்ட வேண்டிய வேலை மிச்சம். நிலவும் இல்லை. கொஞ்ச நேரம் இருமலும் கொசு அடிக்கும் சத்தமும்தான்.

முதலில் வாயைத் திறந்தது தையல்காரர்.

“எங்கிட்ட சமாதானம் சொல்வாரு. ‘அவளுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு, வெளிச்சம் பட்டா வலிக்கும், மனசுல வெச்சுக்காதீங்க’ன்னு. உங்களைப் பாக்குறப்பல்லாம் பாவம்னு நெனச்சுக்குவேன்.”

“எனக்கா கண்ணு கோளாறு?” என்றாள் இருட்டுக்காரி. “உங்க ஊசிக்கு நூல் கோத்துக் குடுக்கறதே நான்தான்.”

“அதான் எனக்கும் கொழப்பம்.”

மாடிவீட்டு டீச்சரின் குரல் வந்தது. “எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரே? சின்ன வயசுல யாரோ இவங்களை இருட்டு ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க, அதுலேருந்து இப்படின்னாரு.”

“இருட்டுல பூட்டினா இருட்டுக்குத்தானே டீச்சர் பயப்படணும்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘அவ எதையும் தலைகீழாத்தான் செய்வா’ன்னாரு.”

எங்கோ ஓர் ஓரத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவர் உடனே இருமினார். இருமலை யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தங்களிடம் சமாதானம் சொன்ன காரணத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் அவளுக்கு ரத்த அழுத்தம். இன்னொரு வீட்டில் வைத்தியர் சொன்ன விரதம். எதிர்வீட்டுக்காரரிடம், டார்ச் என்றாலே அவளுக்குச் சின்ன வயதில் செத்துப்போன அவள் தம்பியின் ஞாபகம் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்.

“எனக்குத் தம்பியே கிடையாது.”

“அப்படியா? நான் அன்னைக்கு அழுதுட்டேங்க” என்றார் எதிர்வீட்டுக்காரர். குரலில் நிஜமான ஏமாற்றம்.

“எங்ககிட்டயும் ஒண்ணு சொன்னான்” என்றாள் ஓரகத்தி, இருட்டுக்குள்ளிருந்து.

“சொல்லுங்கக்கா.”

“உனக்கு எங்க மேல பாசம் உண்டாம். காட்டத்தான் தெரியாதாம்.”

ஒரு நாற்காலி முனகியது.

“அதுவும் பொய்தான்” என்றாள் இருட்டுக்காரி.

இந்தத் தடவை முதலில் சிரித்தது ஓரகத்தி. அடக்க முயன்று, முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதைக் கேட்டு மற்றவர்களும். ஒரு சாவு வீட்டில் சிரிக்கலாமா என்று கேட்க ஓர் ஆளும் மிச்சமில்லை. சிரிப்பு தானாக ஓய்ந்து, மூக்கு உறிஞ்சும் சத்தங்களில் முடிந்தபோது, அவள் எழுந்து நின்றது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது.

“எல்லாரும் இருக்கீங்கல்ல? நல்லாக் கேட்டுக்கங்க. அவரு எனக்காக வீடு வீடாக் கேட்ட மன்னிப்பு அத்தனையும் நான் திருப்பி வாங்கிக்கறேன். எனக்குக் கண்ணுலயும் கோளாறு இல்ல, ரத்தத்துலயும் கோளாறு இல்ல. விளக்கை அணைக்கச் சொன்னது சரி. கத்தினதும் சரி. வாளியைக் கவுத்தது ரொம்ப ரொம்பச் சரி. நாளைக்கும் கத்துவேன். பின்னாடி வந்து கதவத் தட்ட ஆள் வரும்னு யாரும் பாத்துக்கிட்டிருக்க வேண்டாம்.”

டீச்சர் மட்டும், “என் பின்பக்க ஜன்னலு அணைச்சுத்தான் இருக்கு” என்று மெதுவாகத் தெரிவித்துக்கொண்டார்.

“பாத்தேன்” என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள்.

மூத்தார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வழியில் இரண்டு பேர் காலை மிதித்து, அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

“நான்தான் வேகமா இழுத்துட்டேன்” என்றார்.

“ஆமா.”

“நீங்க ரெண்டு பேரும் எப்படி இழுப்பீங்க? அந்தப் பக்கத்து ஆள் இங்கேருந்து தெரியாதே?”

“தெரியாது.”

“எண்ணிக்கிட்டே இழுப்பீங்களா? ஒண்ணு, ரெண்டுன்னு?”

“அதெல்லாம் இல்ல மாமா. ரெண்டு பக்கமும் சரளை போட்டிருக்கு. அவரு நடக்கற சத்தம் எனக்குக் கேக்கும், நான் நடக்கறது அவருக்குக் கேக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி இழுக்கறது. நான் கோவமா இருந்தா வேகமா நடப்பேன். அவரு அந்தப் பக்கம் ஓடி வருவாரு.” நிறுத்தினாள். “துணி ஒருநாளும் கோணினதில்ல.”

மூத்தார் தலையாட்டியிருக்கலாம். தெரியவில்லை. அவர் மூச்சு மட்டும் கொஞ்சம் சத்தமாக வந்தது. அவள் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளே ஆயிரக்கணக்கான இலைகள், வெளியில் யார் இருக்கிறார், யார் இல்லை என்ற கவலையே இல்லாமல், தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூத்தாரின் போன் அடித்தது. மகள்தான். அவர் அதைப் பையிலிருந்து எடுத்த வேகத்திலேயே நெஞ்சோடு கவிழ்த்து வெளிச்சத்தை மூடிக்கொண்டு, சட்டைக்குள் பேசுவது போலப் பேசினார். “வந்துட்டியா? எந்த இடம்? ... சரி, சந்து முனையில நிறுத்தச் சொல்லு. உள்ள வர வேண்டாம். நான் வரேன்... காரணம் அப்புறம் சொல்றேன், நிறுத்தச் சொல்லும்மா.”

எழுந்து வேகமாக நடந்தார். யார் காலையோ மறுபடி மிதித்தார். வீட்டைச் சுற்றிப் போகிற சந்து முற்றத்து வேலியோரமாக வந்துதான் தெருவைத் தொடும்; வண்டி திரும்பினால் ஹெட்லைட் நேராகக் கொட்டகையில்தான் விழும். இது அவருக்கு எப்போது உறைத்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் வேலிவரை போய் நின்றாள்.

சந்து முனையில் சரேலென்று வெளிச்சம் வளைந்தது. அது திரும்புவதற்குள், “அணை! அணை!” என்ற மூத்தாரின் குரல், லாரிக் கம்பெனிக் குரல். வெளிச்சம் செத்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கேட்பது அமைதியில் தெளிவாகக் கேட்டது.

“என்னங்க, இந்தப் பக்கம் கரண்ட் இல்லையா?”

“இருக்கு” என்றார் மூத்தார்.

“அப்புறம்?”

“என் சட்டையைப் பாத்துக்கிட்டே மெதுவா வா.”

மகள் காரைவிட்டு இறங்கவில்லை போலும். கதவுச் சத்தம் கேட்கவில்லை. இன்ஜின் மட்டும் ஒலித்தது. சந்தின் கருமைக்குள்ளிருந்து முதலில் ஒரு வெள்ளைச் சட்டை அசைந்து வந்தது. இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, பின்னால் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால், விளக்கில்லாத ஒரு கார், நடக்கிற வேகத்தில்.